சூரிச்சில் கை நனைத்த கதை

புது ஊருக்குப் போனால் நல்ல ஓட்டலைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. வாசலில் நின்று மெனுவைப் படிக்க மாட்டேன். நேராக உள்ளே போய்க் கை கழுவும் இடத்தைப் பார்ப்பேன். சாப்பிட்டு முடித்தவர்கள் அங்கே காத்து நிற்க வேண்டும். அவர்களில் ஒருவராவது கழுவிய கையை மோந்து பார்க்க வேண்டும். அப்படி ஓர் ஆள் தென்பட்டால் தைரியமாக உட்காரலாம். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவன் நான். சரக்குக்காகக் குண்டூர் வரைக்கும் அலைந்து கண்டுபிடித்த வழி இது. எந்த ஊரிலும் என்னைக் கைவிட்டதில்லை. சூரிச்சில் கைவிட்டது, ஏனென்றால் அங்கே சாப்பிடும் கூடத்தில் கை கழுவும் இடமே கிடையாது.

நான் அங்கே போனது சாப்பிடுவதற்காக அல்ல. சொல்லப்போனால், ஒரு வீட்டில் சாப்பிடாமல் வருவதற்காக. என் அக்கா மகள் நிவேதா சூரிச்சில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். ஜெரோம் என்ற பையனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் சுவிட்சர்லாந்திலேயே பிறந்தவன், என்ஜினியர். அவனுடைய அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், கத்தோலிக்கர்கள். அத்தான் தவறிப்போன வீடு, அக்காவுக்கு முழங்கால் வலி, ஆகவே தாய்மாமன் நான்தான் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று முடிவாயிற்று.

கிளம்புகிற அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நல்லா விசாரிச்சுட்டு வா. ஆனா நான் சரின்னு சொல்ற வரைக்கும் அந்த வீட்டுல கை நனைச்சிராத" என்றாள். எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று பொருள். நானும் தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறினேன். சாப்பாட்டுப் பிரியனான என்னை இந்த வேலைக்கு அனுப்பியது அக்காவின் தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன்.

முதல் நாள் நிவேதா ஊரைச் சுற்றிக் காட்டினாள். வாயைப் பிளந்தபடி நடந்தேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது, அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரிகின்றன. கோட்டும் டையும் பைக்குள் போய்விட, ஆபீசிலிருந்து மதிய இடைவேளைக்கு வந்த பெரிய மனிதர்கள் அதில் குதித்து நீந்துகிறார்கள். ஏரிக்கரையில் நின்றால் தொலைவில் பனிமலை. அதைவிட என்னைத் திகைக்க வைத்தவை தெருவுக்குத் தெரு இருந்த கல் தொட்டிகள். குழாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் மூடுவதில்லை. நிவேதா இரண்டு கையையும் குவித்துக் குடித்துவிட்டு என்னையும் குடிக்கச் சொன்னாள். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நாள் கல்யாண நாள் மாதிரி, வீட்டோடு விழித்திருப்போம். அந்தத் தொட்டியருகே நின்று சட்டை நனைய நனையக் குடித்தேன்.

வேடிக்கை பார்த்ததில் சாப்பாட்டு நேரம் தவறிவிட்டது. ரெண்டு மணி தாண்டி ஓர் ஓட்டலில் நுழைந்தால், மேசைகள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், சோறு மட்டும் இல்லை. சமையலறை மூடியாயிற்றாம், இனி ஆறு மணிக்குத்தான் திறக்குமாம். நம் ஊரில் சாப்பாடு முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்கூட, போனால் போகிறது என்று நாலு புரோட்டாவையாவது பிய்த்துப் போடுவார். இங்கே பணிப்பெண் சிரித்த முகத்தோடு காபி வேண்டுமா என்று கேட்டாள். அப்புறம் எந்நேரமும் திறந்திருக்கிற ஒரு சைவ ஓட்டலுக்கு நிவேதா கூட்டிப்போனாள். வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனால் தராசில் வைத்து எடைக்கு விலை போடுகிறார்கள். ஆயுசு முழுக்க வத்தலை நிறுத்து விற்றவன், சோற்றை நிறுத்து வாங்கியது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வின்டர்தூருக்குப் போனோம். ஜெரோமின் வீடு அங்கேதான். பழைய ஆலைகள் நிறைந்த ஊர், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் அடுக்குமாடி வீடு. ஜெரோமின் அப்பா மரியதாஸ் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஒல்லியான ஆள், ஏதோ ஓட்டலில் வேலை என்று நிவேதா சொல்லியிருந்தாள். என்ன வேலை, எந்த ஓட்டல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா ரெஜினா நான் ஏறிவந்த விமானத்திலிருந்து என் ரத்த அழுத்தம் வரைக்கும் விசாரித்தார். ஜெரோம் தமிழில் பேசினான். வேலையைப் பற்றி வந்தால் மட்டும் ஜெர்மனுக்குத் தாவி, பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்தான். அரை மணி நேரத்தில் எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது.

பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். மேசையைப் பார்த்தேன். குத்தரிசிச் சோறு, வறுத்த தூள் போட்ட நண்டுக்கறி, கணவாய், முருங்கைக்காய், ஒரு கிண்ணத்தில் செக்கச் சிவந்த தேங்காய்ச் சம்பல். அந்தச் சம்பலின் நிறத்தைப் பார்த்தே என்ன வத்தல் என்று சொல்லிவிடுவேன். நாக்கில் நீர் ஊற, நான் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

"வயிறு சரியில்லையோ?" என்று கேட்டார் மரியதாஸ்.

ஆமாம் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. வயிறெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சம்பந்தம் பேசி முடிக்கிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம் என்று விளக்கினேன். பெரிய மரியாதையைச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர்கள் மூன்று பேரும் அப்படி ஒரு வழக்கத்தை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ரெஜினா கையில் வைத்திருந்த அகப்பையைக் கறிச்சட்டிக்குள் மெதுவாக வைத்தார்.

மரியதாஸ் குரலை உயர்த்தவில்லை. "எங்கட ஊரில ஒருத்தர் வீட்டுக்கு வந்திட்டுச் சாப்பிடாமல் எழும்பினா, அதுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருக்கு. உங்களை விட நாங்கள் குறைஞ்ச ஆக்கள் எண்டு. இஞ்ச வந்து இத்தனை வருசத்துக்குப் பிறகு அதை என்ர மேசையில பார்ப்பன் எண்டு நான் நினைக்கேல்ல."

இல்லை இல்லை என்று பதறினேன். அக்கா, வழக்கம், முறை என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் மோசமாயிற்று. கறிச் சட்டிகளுக்கு ஒவ்வொன்றாக மூடி போட்டுவிட்டு ரெஜினா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அதைக் குடித்தேன். அந்த வீட்டில் வேறு யாரும் அன்று என் கண்ணெதிரே எதையும் சாப்பிடவில்லை.

நிவேதா என்னோடு திரும்பி வரவில்லை. ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடும்போது, "அவங்கம்மா முந்தாநாள்ல இருந்து சமைச்சாங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் இறங்க வேண்டிய இடம், நான் தங்கியிருந்த ஓர்லிக்கான். ரயில் நின்றது, நானும் கதவருகே நின்றேன், கதவு திறக்கவில்லை. பொத்தானை அமுக்கினால்தான் திறக்கும் என்பது, ரயில் மறுபடி கிளம்பிய பிறகு பக்கத்தில் நின்ற பெண் சொல்லித்தான் தெரிந்தது. அவள் எனக்காக வருத்தப்பட்டாள். நான் சூரிச் பெரிய ஸ்டேஷன் வரைக்கும் போய் இறங்கி, வந்த வழியே திரும்பினேன்.

அக்காவுக்குப் போன் செய்தால், சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்று ஒரு பாராட்டு வேறு. எனக்கு எரிச்சல் வந்தது. அவர்களை ஓர் ஓட்டலுக்கு அழைத்து நான் விருந்து வைத்தால் என்ன என்று கேட்டேன். ஓட்டல் யார் வீடும் அல்ல, அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில் முறை கெடாது. அக்கா யோசித்துவிட்டு, அது பரவாயில்லை என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே வேலை. இந்தக் காயத்துக்கு மருந்தாகிற அளவுக்கு நல்ல ஓட்டல் ஒன்றை இந்த ஊரில் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கல்யாணம் என் நாக்கால் நின்றுபோகும்.

திங்கட்கிழமை காலையில் தனியாகக் கிளம்பினேன். கை கழுவும் இடத்தை விட்டுவிட்டு, அடுத்த வழியைப் பிடித்தேன்: உடம்பால் உழைக்கிறவர்கள் எங்கே நுழைகிறார்கள் என்று பார்ப்பது. பழைய ஊரின் சந்து ஒன்றில், ஆரஞ்சுச் சட்டை போட்ட நாலு தெருப் பணியாளர்கள் ஒரு மரக்கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே நானும் போனேன். உள்ளே கறுத்த மரச்சுவர், தாழ்ந்த கூரை, வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை. எல்லா மேசையிலும் ஆள் இருந்தது. மூலையில் ஒரு பெரிய வட்ட மேசையில் மட்டும் இரண்டு வயசாளிகள், மற்ற நாற்காலிகள் காலி. நம் மெஸ்ஸில் காலி நாற்காலி பசித்தவனுக்குச் சொந்தம். போய் உட்கார்ந்து, எதிரே இருந்தவருக்கு ஒரு வணக்கமும் வைத்தேன்.

பணிப்பெண் வேகமாக வந்து மேசை நடுவில் இருந்த உலோகத் தகட்டைக் காட்டினாள். எதிரே இருந்தவர் நிதானமான ஆங்கிலத்தில் விளக்கினார். அது அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்களுக்கான மேசை. ஒவ்வொரு பழைய ஓட்டலிலும் அப்படி ஒன்று உண்டு. வருஷக்கணக்காக அதில் உட்காருகிறவர்கள்தான் உட்காரலாம், அவர்கள் வராவிட்டாலும் நாற்காலி அவர்களுக்குக் காத்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். போகிற என்னைத் தடுத்து, தன் தட்டைச் சுட்டிக்காட்டி, "இதை வாங்கு, வருத்தப்பட மாட்டாய்" என்றார். நல்ல மனுஷன். வேறொரு மேசை காலியானதும் உட்கார்ந்து அதையே வாங்கினேன்.

அது ஈரல். மெல்லிசாக நறுக்கி வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தது. கூடவே துருவிய உருளைக்கிழங்கை அடைபோல மொறுமொறுவென்று வார்த்திருந்தார்கள். காரம் கிடையாது, மிளகும் பச்சிலையும்தான். வத்தல் வியாபாரி நான் வத்தல் இல்லாத ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு வெளியே போகிற தெருப் பணியாளர் ஒருவர் என் மேசையைத் தாண்டும்போது, "என் குவட்டே" என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தமாம். முன்பின் தெரியாத ஒருவன் சாப்பிடுவதைப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போகிற ஊர். எனக்கு உடனே ரெஜினா மூடிவைத்த கறிச் சட்டிகள் நினைவுக்கு வந்தன. அவர்களை இங்கேதான் கூட்டிவர வேண்டும் என்று தீர்மானித்து, ஐந்து பேருக்கு மேசை கேட்டேன். பணிப்பெண் அனுதாபத்தோடு தலையை ஆட்டினாள். இந்த வாரம் முழுக்க இடமில்லை. ஆற்றங்கரையில் ஏறி இறங்கிய மற்ற நல்ல இடங்களிலும் அதே அனுதாபம், அதே தலையாட்டல். கடைசியில் ஏரி ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்த ஓட்டலில் புதன்கிழமைக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒருவரும் சத்தமாகச் சிரிக்கவில்லை, எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனாலும் சரி என்று சொல்லி, நிவேதா மூலம் அவர்களுக்கு அழைப்பு அனுப்பினேன்.

மறுநாள் ஜெரோம் போன் செய்தான். அவன் குரல் இறுகியிருந்தது. "மாமா, அப்பா அந்தக் கடைக்கு வரமாட்டாராம். கடையிலதான் மாமா சாப்பிடுவார் எண்டா, என்ர கடைக்கு வரட்டும் எண்டு சொன்னவர். நாளைக்குப் பின்னேரம், கடை திறக்கிறதுக்கு முதல்." அப்போதுதான் தெரிந்தது, மரியதாஸ் சூரிச் பழைய ஊரில் ஓர் ஓட்டலில் சமையல்காரர் என்று. தெருப்பெயரை ஜெரோம் அனுப்பிவைத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் போனேன். கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டை. நான் தட்டுமுன்பே மரியதாஸ் வெள்ளைச் சட்டையும் ஏப்ரனுமாக வந்து திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சமையலறை வழியாகத்தான் கூட்டிப்போனார். கோவிலுக்குள் போகிறபோது வருகிற ஒரு தயக்கம் எனக்கு வந்தது. அத்தனை பெரிய அடுப்பு, மேலே வரிசையாகத் தொங்கும் செம்புச் சட்டிகள், நறுக்கி மூடிவைத்த வெங்காயம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத தரை. நடுவே ஓர் அகலமான பாத்திரத்திலிருந்து வறுத்த கறித்தூள் மணம் எழுந்து, வெண்ணெய் வாசனையையெல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

இரண்டு வேளைக்கும் நடுவே கடை மூடியிருக்கும்போது வேலைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கமாம். அதற்குச் சமைப்பது மரியதாஸ். உள்ளே கூடத்தில் பெரிய வட்ட மேசை, அதன் நடுவில் அதே மாதிரி உலோகத் தகடு. வாடிக்கைக்காரர்கள் வராத அந்த ஒரு மணி நேரம் மேசை இவர்களுக்கு. தலைமைச் சமையல்காரர் ஒரு பெரிய உருவம், சுவிஸ்காரர். பாத்திரம் கழுவும் போர்ச்சுக்கல் பெண்மணி, பரிமாறும் பெண்கள் இருவர். சோறு, கோழிக்கறி, பருப்பு, வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் வதக்கல், சம்பல். தலைமைச் சமையல்காரர் சம்பலை அள்ளி வைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. இதை ஏன் மெனுவில் போடுவதில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது விற்கிறதுக்கு இல்லை. இது எங்களுக்கு" என்றார். மரியதாஸ் லீவு போட்டால் நாங்கள் நூடுல்ஸ் தின்று துக்கம் காக்கிறோம் என்று பரிமாறும் பெண் ஒருத்தி சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் என்னை எழுப்பிவிட்ட மேசைக்கு அண்ணன் தம்பியான மேசை அது. மரியதாஸ் என் முன்னால் தட்டை வைத்துவிட்டு, தமிழில், மற்றவர்களுக்குப் புரியாமல் சொன்னார். "இது என்ர வீடில்லைத்தானே. கடை. நீங்கள் இஞ்ச சாப்பிடலாம், உங்கட முறைக்கு ஒண்டும் வராது."

அதில் குத்தல் இல்லை. நன்றாகக் கவனித்தேன், துளிகூட இல்லை. தன் மேசையில் தன்னை அவமானப்படுத்தியவன், அவனுடைய அக்காவுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும் என்று இரண்டு நாளாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் இந்த மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறியின் காரம் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாது, நான் இன்னும் ஒரு வாய் வைக்கவில்லை. இந்த மனிதர் வீட்டுக்கு எங்கள் பிள்ளை போவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"கை எங்கங்க கழுவுறது?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டி இருந்தது, எல்லோரும் அதால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து சமையலறைக் குழாயைக் காட்டினார். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றில் கறியை ஊற்றிப் பிசைந்தேன். "அண்ணே, நான் இதைக் கடைன்னு நெனச்சுச் சாப்பிடலை" என்றேன்.

மரியதாஸ் என் கையைப் பார்த்தார். பிறகு தன் முள்கரண்டியைத் தட்டோரம் வைத்துவிட்டு எழுந்துபோனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தார். "இந்த மேசையில நான் ஒருநாளும் கையால சாப்பிட்டதில்லை" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார். தலைமைச் சமையல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என் குவட்டே" என்றார்.

நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கோழிக்கறியில் வத்தலைக் கருகாமல் வறுத்த பதத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். சாப்பிட்டு முடித்துக் குழாயடியில் நின்று கை கழுவினேன். மோந்து பார்த்த ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெளியே வந்து, ஒரு கல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து முதலில் வெள்ளைத் துணி ஓட்டலில் மேசை வேண்டாம் என்று சொன்னேன். அடுத்து நிவேதாவுக்கு, நாளைக்கு வின்டர்தூர் போகிறோம், நண்டு கிடைக்குமா என்று அவங்கம்மாவிடம் கேள் என்று செய்தி அனுப்பினேன். அதற்கப்புறம்தான் அக்காவைக் கூப்பிட்டேன். ஜெரோமின் அப்பா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

"ஓட்டல்லதான?" என்றாள் அக்கா. அவளும் எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துப் பார்த்தாள்.

"இல்லக்கா. கை நனைச்சிட்டேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தால் போனை வைத்துவிடுவாள், வைக்கவில்லை. எனக்குப் பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"கறிக்குத் தேங்காயை அரைச்சு ஊத்துறாங்களா, பால் எடுத்து ஊத்துறாங்களா?" என்று கேட்டாள்.

பால்தான் என்று நினைக்கிறேன் என்றேன்.

"நெனைக்கிறியா? ஒனக்கு என்ன தெரியும். அந்தம்மா நம்பரை அனுப்பு, நானே கேட்டுக்கிறேன்."